கொல்லைப்புறக் கதவு: கணினியில் பேக்டோர் புகுந்தால் எதை முதலில் செய்வது

டாஸ்க் மேனேஜரில் முன்பின் பார்த்திராத ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சர்வர்’ என்று இருக்கலாம், விண்டோஸின் சொந்தச் செயலான ‘எஸ்விசிஹோஸ்ட்’ போலவே இருந்து ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கலாம். வலது சொடுக்கு, ‘எண்ட் டாஸ்க்’. அடுத்த நொடி திரை நீலமாகிறது. கணினி தானே அணைந்து எழுகிறது. எழுந்ததும் அதே பெயர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் ரேம் போய்விட்டது, மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ரேம் நன்றாகத்தான் இருக்கும். காரணம் பேக்டோர், அதாவது வெளியாள் ஒருவர் ரகசியமாக நுழைய வழி திறந்து வைக்கும் தீம்பொருள். என்ஜேராட் போன்ற பேக்டோர்களில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. நிர்வாகி உரிமையோடு ஓடும்போது, ‘நான் இல்லாமல் விண்டோஸ் இயங்காது’ என்று தன்னைப் பதிந்துகொள்ளும். அப்படிப் பதிந்த செயலை நிறுத்தினால் விண்டோஸும் கூடவே விழும். நீலத்திரையின் அடியில் ‘கிரிட்டிகல் பிராசஸ் டைட்’ என்று எழுதியிருப்பது அதைத்தான்.

பேக்டோர் விவகாரத்தில் பெரும்பாலான தோல்விகள் இப்படித்தான் நடக்கின்றன. செய்யவேண்டிய வேலையைத்தான் செய்கிறார்கள், வரிசை மாறிப்போகிறது. கடவுச்சொற்களை மாற்றுவது நல்லது. தொற்றிய கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லையும் கையில் எடுத்துக் கொடுத்தது போல. பேக்கப் எடுப்பது நல்லது. தீம்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப் டிரைவைச் சொருகினால் அதுவும் தொற்றும். எனவே கருவிகளின் பெயர்களைவிட வரிசையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வைரஸ் என்றால் கோப்பைக் கெடுக்கும், ரான்சம்வேர் என்றால் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். பேக்டோர் சத்தம் போடாது. வெளியே இருக்கும் ஒருவருக்கு உங்கள் கணினியில் நுழைய ஒரு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். 1998 ஆகஸ்டில் ‘கல்ட் ஆஃப் தி டெட் கவ்’ என்ற ஹேக்கர் குழு வெளியிட்ட பேக் ஆரிஃபிஸ், விண்டோஸ் கணினியில் 31337 என்ற போர்ட்டை, அதாவது வலைத் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசலை, திறந்து வைத்தது; ஆள் வெளியிலிருந்து வந்து அந்தக் கதவைத் தட்டினார். இன்று வீட்டு ரவுட்டரும் ஃபயர்வாலும் வெளியிலிருந்து வரும் தட்டல்களை மறித்துவிடுகின்றன. ஆகவே இப்போதைய பேக்டோர்கள் உள்ளேயிருந்து வெளியே அழைக்கின்றன. உலாவி வெளியே போகும் அதே வழியில், பல நேரம் அதே 443 என்ற போர்ட்டில், போய் ‘வந்துவிட்டேன், என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்கும். உள்ளே வருவதை மட்டும் தடுக்கும் ஃபயர்வாலுக்கு இது வழக்கமான போக்குவரத்தாகத் தெரியும். ‘ஃபயர்வால் ஆன் செய்துதான் இருக்கிறது’ என்ற நிம்மதிக்கு இங்கே பொருளில்லை.

இனி, எந்த வழியாக வருகிறது. முதலிடம், என் கணக்கில், கிராக் செய்த மென்பொருளுக்குத்தான். படத்தொகுப்பு, கணக்கு எழுதும் மென்பொருள், விண்டோஸ் ஆக்டிவேட்டர். இவற்றோடு வரும் குறிப்பைப் படித்தால் முதல் வரியே ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று இருக்கும். கிராக் கோப்பைப் பாதுகாப்பு மென்பொருள் எப்படியும் தடுக்கும் என்பதால் இதை எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பேக்டோரைக் கூடவே பொதிந்து அனுப்புபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரரே நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறார். நிறுவிய பிறகு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத் திரும்ப ஆன் செய்தாலும் பயனில்லாமல் போகலாம். சில பொதிகள் சி டிரைவ் முழுவதையும், ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். டிஃபெண்டர் பச்சை நிறக் குறியோடு விழித்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது.

அடுத்தது பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிய பென்டிரைவில், ஃபோல்டர்கள் எல்லாம் சின்ன வளைந்த அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. உண்மையான ஃபோல்டர்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் தீம்பொருள் ஓடும், பிறகு ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

2024-லிருந்து பரவலாகியிருக்கும் ஒரு தந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று ஒரு கட்டம். வழக்கம்போலப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், விண்டோஸ் பொத்தானோடு ஆர் (கட்டளை இடும் ரன் பெட்டி திறக்கும்), அடுத்து கன்ட்ரோலோடு வி, கடைசியாக எண்டர் என்று அழுத்தச் சொல்லும். தளம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில், விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லுக்கு ஒரு கட்டளையை வைத்துவிட்டது. இந்த மூன்று அழுத்தல்களில் அதை ஓட்டுவது நீங்களேதான். கோப்பு எதையும் நீங்கள் பதிவிறக்கவில்லை என்பதால் உலாவியின் எச்சரிக்கையும் வராது. எந்த நிறுவனத்தின் கேப்சாவும் உங்களை ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. இந்த ஒன்றை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தாலே பாதி ஆபத்து குறையும்.

மின்னஞ்சல் இணைப்புகள் பழைய வழி; இன்னும் ஓயவில்லை. இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (கோப்புக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல்களை) 2022-ல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்ததும், அனுப்புபவர்கள் ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் நகல்) கோப்புக்கும் ஷார்ட்கட் கோப்புக்கும் மாறிக்கொண்டார்கள். பில் என்று வந்த கோப்பு உண்மையில் ‘இஎக்ஸ்இ’ என்று முடிவதை, கோப்பு நீட்சிகளை மறைத்து வைக்கும் விண்டோஸ் வழக்கம் உங்கள் கண்ணுக்குக் காட்டாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய் நீட்சிகளைக் காட்டச் சொல்வது பத்து விநாடி வேலை.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் போதுமா? 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, பேக்டோரைச் சுமந்து வந்தது. ஏறக்குறைய 22.7 லட்சம் பேரின் கணினிகளில் அது ஏறியது. ஆனால் இரண்டாம் கட்டத் தீம்பொருள் இறக்கப்பட்டது குறிபார்த்துத் தேர்ந்த சில பெருநிறுவனங்களின் கணினிகளில் மட்டும். எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டவில்லை. இதைத் தனிமனிதர் தடுக்க முடியாது. இப்படி நடப்பது அரிது என்பதையும் மறக்கக் கூடாது. கிராக் பொதியில் இருப்பதோ அன்றாடம் நடப்பது.

கூடங்குளம் அணுமின் நிலையச் செய்தி பலருக்கும் நினைவிருக்கும். 2019 செப்டம்பர் 4 அன்று தகவல் வந்து, அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீம்பொருள் இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனி வலையமைப்பில் இருந்ததால் அவை தொடப்படவில்லை. அங்கே பேசப்பட்ட டிடிராக் என்ற பேக்டோர் செய்யும் வேலைகளைப் பார்த்தால் வியப்பு எதுவும் இல்லை: விசை அழுத்தங்கள், உலாவி வரலாறு, ஐபி முகவரிகள், ஓடும் செயல்களின் பட்டியல். உங்கள் மேசையில் இருக்கும் கணினியிலிருந்து ஒரு சாதாரண ராட் (தொலைவிலிருந்து கணினியை இயக்கவிடும் பேக்டோர்) எடுப்பதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான்.

சந்தேகம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மௌஸ் தானே நகர்ந்தது, வெப்கேம் விளக்கு காரணமில்லாமல் எரிந்தது, டிஃபெண்டர் தானாக அணைந்தது, அல்லது உங்கள் மின்னஞ்சலில் வேறு ஊரிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

முதல் வேலை, வலையைத் துண்டிப்பது. லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ரவுட்டரையே அணைத்தாலும் சரி. பேக்டோர் செத்துவிடாது, ஆனால் பேச ஆளில்லாமல் போகும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (பென்டிரைவ் போன்ற கருவி) சொருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணக்கர்கள் பலர் அதை நாள்முழுக்கச் சொருகியே வைத்திருக்கிறார்கள்; பின் எண்ணைத் தட்டச்சு செய்ததும் பதிவாகியிருந்தால், டோக்கன் சொருகியிருக்கும் நேரமெல்லாம் உங்கள் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போடலாம்.

இரண்டாவது வேலை, கடவுச்சொற்கள். ஆனால் வேறொரு கருவியிலிருந்து. உங்கள் செல்பேசியில், மொபைல் டேட்டாவில். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ கடிதமும் அங்கேதான் வரும். பிறகு வங்கி, பிறகு மற்றவை. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் குறியாக்கப்பட்டிருப்பது உண்மைதான். அந்தப் பூட்டின் சாவி உங்கள் விண்டோஸ் கணக்கு. உங்கள் கணக்கிலேயே ஓடும் தீம்பொருளுக்கு அந்தச் சாவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதனால் சேமித்த ஒவ்வொன்றும் போய்விட்டது என்றே கணக்கிடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்திவிடுவதில்தான் அடுத்த சறுக்கல். ஒருமுறை உள்நுழைந்தபின் உலாவி வைத்திருக்கும் குக்கியை, அதாவது உள்நுழைவு அடையாளத்தை, திருடிப் போனால், ஓடிபி கேட்காமலேயே நுழைய முடியும். எனவே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’, வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’, டெலிகிராமிலும் அப்படியே. ஜிமெயில் அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களின் நகல் வேறொரு முகவரிக்கும் போகும்படி ஒரு விதி எழுதி வைத்திருப்பார்கள். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பணம் போயிருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. அதை இந்த இடத்திலேயே செய்ய வேண்டும், சுத்தம் செய்த பிறகு செய்தால் பயனில்லை. இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பிறகு கணினியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு கவரில் தேதி எழுதி வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவிக்கொள்வதுதான் சுலபமான வழி. கழற்ற முடியாத வகை என்றால், புகார் பதிவாகும் வரை அந்தக் கணினியை அப்படியே மூடி வையுங்கள். சுத்தமாகத் துடைத்த கணினியை விசாரணைக்குக் கொண்டுபோனால் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

இனித்தான் கணினிக்குள் கைவைக்க வேண்டும். நீலத்திரைத் தந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருக்கிறது: செயலைக் கொல்லாமல், அது தொடங்கவே விடாமல் செய்வது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அதன் பிறகு 4 என்ற எண். இது சேஃப் மோட், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை. கணினி தொடங்கும்போது தானே ஓட வேண்டியவற்றைக் குறிக்கும் ரன் பதிவுகளும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் இதில் வழக்கமாக ஓடாது என்பதால், சாதாரண ராட் தூங்கிக்கொண்டிருக்கும். டிரைவ் குறியாக்கம் செய்யப்பட்ட புதிய மடிக்கணினிகளில் இந்தக் கட்டத்தில் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; தொடங்கும் முன்பே செல்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதியில் நிற்பீர்கள்.

மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற, தானே தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் கருவியை வேறொரு கணினியில் இறக்கி, சேஃப் மோடில் வந்த பிறகு பென்டிரைவில் கொண்டுவாருங்கள். முன்கூட்டியே சொருகி வைக்காதீர்கள். என்ஜேராட் ஓடிக்கொண்டிருந்தால் சொருகிய பென்டிரைவிலும் தன் நகலைப் போடும். ஆட்டோரன்ஸில் ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ என்பதைத் தேர்ந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் சில பத்துகளாகச் சுருங்கும். இளஞ்சிவப்பாகத் தெரியும் வரிகளுக்குக் கையொப்பம் சரியில்லை, மஞ்சளாகத் தெரிபவற்றுக்குக் கோப்பே இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே திருடர்கள் என்று நினைக்க வேண்டாம். தனி ஆட்கள் எழுதி இலவசமாகத் தரும் தட்டச்சுக் கருவிகள் போன்றவற்றிலும் கையொப்பம் இராமல் போகலாம். பெயரைவிட இருப்பிடத்தைப் பாருங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சிஸ்டம்32-ல்தான் இருக்கும். ‘ஆப்டேட்டா’விலோ ‘டெம்ப்’பிலோ அந்தப் பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

என்ஜேராட்டின் கைத்தடங்கள் தெளிவானவை. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதியில் 32 எழுத்தெண்கள் கொண்ட பொருளற்ற பெயரில் ஒரு பதிவு. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் பெரும்பாலும் அதே பெயரில் ஒரு கோப்பு. விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தக் கோப்புக்கு அனுமதி. ‘சீ மாஸ்க்’ என்று தொடங்கும் ஒரு சூழல் மாறி (நிரல்கள் படிக்கும் ஓர் அமைப்பு மதிப்பு), இணையத்திலிருந்து வந்த கோப்புகளைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையை அடக்குவதற்காக. நீங்கள் தட்டச்சு செய்தவற்றைத் தனிக் கோப்பில் வைக்காமல் ரெஜிஸ்ட்ரியிலேயே, சதுர அடைப்புக்குறிக்குள் ‘கேஎல்’ என்ற பெயரில் சேர்த்து வைக்கும். டிஃபெண்டரில் இதற்குப் பெயர் பிளாடபின்டி. இதில் ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மற்றொன்றை விட்டால் அடுத்த தொடக்கத்தில் எல்லாம் திரும்பிவிடும். ‘அழித்தேன், மறுபடி வந்துவிட்டது’ என்று புலம்புகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த இரண்டாவது நகலைத் தவறவிட்டவர்கள்.

ஆட்டோரன்ஸில் முதலில் ‘லாகான்’, அடுத்து ‘ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்’, ‘சர்வீசஸ்’, ‘டபிள்யூஎம்ஐ’, ‘இமேஜ் ஹைஜாக்ஸ்’ என்று ஒவ்வொரு தாவலாகப் போங்கள். வீட்டுக் கணினியில் டபிள்யூஎம்ஐ தாவல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஏதாவது இருந்தால் நின்று பாருங்கள். இமேஜ் ஹைஜாக்ஸ் பகுதியில் ஸ்டிக்கி கீஸ் செயலுக்குப் பதிலாகக் கட்டளைச் சாளரம் இணைக்கப்பட்டிருந்தால், உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட்டை ஐந்து முறை அழுத்தி யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று பொருள். சந்தேகமான வரியை உடனே நீக்க வேண்டாம். முன்னால் உள்ள டிக்கை எடுத்தாலே அது ஓடாது. தவறாக எடுத்துவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். கோப்பு இருக்கும் பாதையை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் அழிக்க வேண்டும்.

அதன் பிறகு ஸ்கேன், ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் விலக்குப் பட்டியல். கணினியைச் சாதாரணமாகத் தொடங்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பகுதியில் நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் நீக்குங்கள். இதைச் செய்யாமல் ஓட்டிய ஸ்கேன் ‘தொற்று எதுவும் இல்லை’ என்று சொல்வது வெறும் பேச்சு. அடுத்து மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் ஓடும். இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு கணினியில் புதிதாக இறக்கிக் கொண்டுவாருங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், பழைய பிரதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காத ஒரு வகை பேக்டோரும் உண்டு: எனிடெஸ்க் போன்ற முறையான தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருள். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், கேஒய்சி முடிக்க வேண்டும்’ என்று நிறுவ வைத்து, கேட்காமலே நுழைய ஒரு நிரந்தரக் கடவுச்சொல்லையும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மென்பொருளில் குற்றமில்லாததால் எந்த ஸ்கேனும் கத்தாது. நிறுவிய நிரல்களின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பார்க்கும்போதே, புதிய பயனர் கணக்கு ஏதும் முளைத்திருக்கிறதா, ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா, புராக்ஸி அமைப்பு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த கணினியை நம்பலாமா? படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் என்றால் சரி. வங்கி வேலை, அலுவலகக் கணக்கு, வாடிக்கையாளர் தரவு இருக்கும் கணினி என்றால் நான் நம்ப மாட்டேன், துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்வேன். பேக்டோர் வழியாக உள்ளே வந்தவர் வேறு என்னவெல்லாம் இறக்கினார் என்பதற்கு எந்தக் கருவியும் முழுப் பட்டியல் தராது. கண்டுபிடித்தது முதல் கதவை மட்டும் என்றால், இரண்டாவது கதவு இன்னும் திறந்தே இருக்கும். தேடித்தேடி இரண்டு நாள் செலவழிப்பதைவிட இரண்டு மணி நேரத்தில் நிறுவி முடிப்பது மலிவு.

நிறுவும்போது, தொற்றிய கணினியில் இன்ஸ்டால் பென்டிரைவைத் தயாரிக்காதீர்கள். வேறு கணினியில், குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு தயாரியுங்கள். நிறுவும் திரையில் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காலி இடத்தில் நிறுவ வேண்டும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ வழி இதற்கு உதவாது. டி டிரைவை மட்டும் விட்டுவைப்பதும் வழக்கமான தவறு. கிராக் பொதி பெரும்பாலும் அங்கேதான் பத்திரமாக இருக்கும்.

துடைக்கும் முன் சேஃப் மோடில் எடுக்கும் பேக்கப்பில் ஆவணம், படம், காணொளி மட்டும் போதும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், எம்எஸ்ஐ, ஐஎஸ்ஓ, ஷார்ட்கட் எதையும் எடுக்காதீர்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரை மட்டும் எடுங்கள், நிரலை மூலத்திலிருந்து மறுபடி நிறுவுங்கள். புதிய விண்டோஸில் அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், அடுத்த முறை நீலத்திரைத் தந்திரம் எடுபடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, எனவே துடைத்த கையோடு 11-க்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள்.

விண்டோஸை மறுபடி நிறுவினாலும், டிஸ்க்கையே மாற்றினாலும் போகாத பேக்டோர் உண்டா? உண்டு. 2018-ல் ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்திய லோஜாக்ஸ், மதர்போர்டில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் யூஇஎஃப்ஐ நிரல் இருக்கும் சிப்பிலேயே குடியிருந்தது. அது அரசு அமைப்புகளைக் குறிவைத்த வேலை. வீட்டுக் கணினியில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நேரத்தைச் செலவிட வேண்டியது மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ்களுக்கு. புதிதாக நிறுவிய கணினி ஒரு வாரத்தில் மறுபடி தொற்றினால், பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒவ்வொன்றாகச் சொருகி, ஷார்ட்கட் எதையும் சொடுக்காமல், முதலில் ஸ்கேன் ஓட்டுங்கள். மறைந்த ஃபோல்டர்களை மீட்கக் கட்டளைச் சாளரத்தில் ‘அட்ரிப்’ கட்டளை இருக்கிறது: மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர் என்ற மூன்று குறிகளும், உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்த ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி இரண்டும். ஃபோல்டர்கள் தெரிந்ததும் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். சேஃப் மோடில் ஆட்டோரன்ஸ் கொண்டுவந்தோமே, அந்தப் பென்டிரைவையும் சேர்த்து.